பெருங்களத்தூரில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது

இந்த வாரம் கார் பத்திப் பேசப் போறோம். எந்தக் கார் வாங்கலாம்னு சொல்ற எபிசோட் இல்லை இது. அதுக்கு யூடியூபில் ஆயிரம் பேர் இருக்காங்க. ஒரு காலத்தில் ஒரு ஊரே ஏன் ஒரே மாதிரி கார்களை வாங்குது? அதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு வந்தது எங்க வீட்டு வாசலில். பள்ளிக்கரணையில் எங்க தெருவில் பத்து வருஷத்துக்கு முன்னாடி நின்னதெல்லாம் சின்ன ஹேட்ச்பேக். ஆல்டோ, சான்ட்ரோ, ஐ10, வேகன் ஆர். இப்போ அதே வாசல்களில் பாதிக்கு மேல நெஞ்சை நிமிர்த்தி நிக்கிற உயரமான வண்டிகள். நானும் முதல் கார் வாங்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட கேட்டா, "உசரமா ஒண்ணு பாருடா"ங்கிறாங்க. ஏன் உயரம்னு நான் கேட்கலை. எங்க வீட்டில் அதுக்கு ஒரு தேதி இருக்கு: 2015 டிசம்பர் 1.

அன்னைக்கு ராத்திரி எங்க தெருவில் இடுப்பளவு தண்ணி. அப்பாவோட சின்ன கார் கேட்டுக்கு உள்ளேயே மூழ்கி நின்னது. நாலு நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சதும், ஓடுதான்னு பார்க்கலாம்னு சாவியைத் திருப்பினது நான். முதல் வருஷ இன்ஜினியரிங் மாணவன், எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு. காற்று போற வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா, காற்றை அமுக்கற மாதிரி அதை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராடுதான் வளையும். வளைஞ்சது. தண்ணி புகுந்த சேதத்துக்குப் பணம் உண்டு, புகுந்த பிறகு ஸ்டார்ட் பண்ணினதால வந்த சேதத்துக்குக் கிடையாதுன்னு இன்சூரன்ஸ்காரர் அமைதியாச் சொல்லிட்டுப் போனார். அப்பா என்னைத் திட்டலை. அடுத்த பத்து வருஷம் கார் வாங்கவும் இல்லை.

ஆக எங்க வீட்டில் "உயரமான கார்" ஃபேஷன் இல்லை, பயம். அப்போ நாடு முழுக்க? அதைத் தேடிப் போனப்பதான், தினமும் ஆபீசுக்குப் போற வழியில் இருக்கிற ஒரு பழைய கதையில் போய் முட்டிக்கிட்டேன்.

முதல்ல எண்கள். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனம் விற்றது. அதில் ஏறத்தாழ 65 சதவீதம் யுடிலிட்டி வெஹிக்கிள், அதாவது எஸ்யூவி, எம்பிவி வகையறா. சின்ன காரும் செடானும் சேர்ந்த "பாசஞ்சர் கார்" கணக்கு 13 லட்சத்துச் சில்லறைதான். தலைப்புச் செய்தி ரெடி: இந்தியர்கள் எஸ்யூவிக்கு மாறிவிட்டார்கள்.

இங்கே ஒரு நிமிஷம். நான் பிழைப்புக்கு டேட்டா பைப்லைன் கட்டுறவன். ஒரு எண்ணைப் பார்த்தா இது எந்த டேபிளில் இருந்து வருதுன்னு கேக்கிறது தொழில் புத்தி. கார் கம்பெனிகளோட சங்கமான சியாம் மாசாமாசம் சொல்ற எண், தொழிற்சாலையில் இருந்து டீலருக்குப் போன வண்டிகள். நீங்களும் நானும் வாங்கினது இல்லை. டீலர்கள் சங்கமான ஃபாடா சொல்றது ஆர்டிஓ பதிவுக் கணக்கு, வாஹன் தளத்தில் இருந்து எடுப்பது. இரண்டும் ஒத்துப்போகாத மாசங்களில், டீலரோட யார்டில் வண்டி வெயிலில் காய்ஞ்சிட்டு இருக்கும்.

இன்னொண்ணு. 2024 காலண்டர் வருஷத்தில் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச், 2 லட்சத்து 2 ஆயிரம். வேகன் ஆர் 1 லட்சத்து 90 ஆயிரம் சொச்சம். நாற்பது வருஷத்தில் முதல் தடவையா மாருதி இல்லாத ஒரு கார் முதலிடம்னு பெரிய செய்தி. அதே சந்தையை ஏப்ரலில் இருந்து மார்ச் வரைக்கும் நிதியாண்டா எண்ணிப் பாருங்க: வேகன் ஆர் 1 லட்சத்து 98 ஆயிரம், பஞ்ச் 1 லட்சத்து 96 ஆயிரம். ஜன்னலை மூணு மாசம் நகர்த்தினா சாம்பியன் மாறிடறார். மக்கள் மனசு மாறினதா செய்தியில் சொன்னாங்களே, அது எந்த மூணு மாசத்தில் மாறிச்சு?

பஞ்ச் 3.8 மீட்டர் நீளம், 1.2 லிட்டர் இன்ஜின். ஆல்ட்ராஸ்ங்கிற ஹேட்ச்பேக் எந்த அடித்தளத்தில் கட்டினதோ அதே அடித்தளம். விற்பனைப் பட்டியலில் இது எஸ்யூவி. ஆனா ஜிஎஸ்டி சட்டம் வேற சொல்லுச்சு. 22 சதவீத செஸ் போடறதுக்கு வண்டி 4 மீட்டருக்கு மேல நீளம், 1500 சிசிக்கு மேல இன்ஜின், 170 மில்லிமீட்டருக்குக் குறையாத கிரவுண்ட் கிளியரன்ஸ், மூணும் இருக்கணும். அந்தக் கணக்கில் பஞ்ச் எஸ்யூவியே இல்லை. விளம்பரத்தில் எஸ்யூவி, வரியில் சின்ன கார். அந்த 65 சதவீதத்தில் எவ்வளவு பேர் உண்மையிலேயே வேற மாதிரி வண்டிக்குப் போனாங்க, எவ்வளவு பேர் கொஞ்சம் உயர்த்தின ஹேட்ச்பேக்குக்குப் போனாங்கன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

சரி, இப்போ பழைய கதை.

பள்ளிக்கரணையில் இருந்து என் ஆபீசுக்கு வேளச்சேரி - தாம்பரம் ரோடு. மேடவாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், கேம்ப் ரோடு, தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோடு, அப்புறம் பெருங்களத்தூர். (இந்த ஜிஎஸ்டி கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. வரி ஜிஎஸ்டி பின்னாடி வரும், குழப்பிக்காதீங்க.) வழி முழுக்க டிராஃபிக்கில் பார்க்கிறதுக்கு வேற எதுவும் இல்லாததால் காரைத்தான் பார்ப்பேன். பெருங்களத்தூரில் இன்னைக்கு ஐடி வளாகமும் அடுக்குமாடி வீடுகளும் இருக்கிற அந்தப் பெரிய நிலத்தில் ஒரு காலத்தில் கார் செஞ்சாங்க. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வண்டலூர் தொழிற்சாலைன்னும் சொல்வாங்க. அந்த வளாகத்தில் மூணு வருஷமா உட்கார்ந்து கோட் எழுதறேன். போன வருஷம் வரைக்கும் எனக்கு இது தெரியாது.

கம்பெனி ஆரம்பிச்சது 1948. சென்னையோட யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கூட்டு. முதலில் வான்கார்ட்ங்கிற காரைப் பாகங்களா இறக்கி இங்கே பூட்டினாங்க. 1953-ல் மத்திய அரசு ஒரு கோடு போட்டுச்சு: வெறுமனே பூட்டுறவங்களுக்கு இடமில்லை, படிப்படியா இங்கேயே தயாரிக்கிற திட்டம் இருந்தாதான் அனுமதி. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-ல் கடையைக் கட்டினாங்க. கார் செய்ய மிஞ்சினது முக்கியமா மூணு பேர்: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம்ம பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட்.

அம்பாசிடரும் ஃபியட்டும் எல்லாருக்கும் தெரியும். மூணாவது கார்தான் மறந்துபோனது. 1961-ல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைஞ்ச கார். 948 சிசி இன்ஜின். ரெண்டு கதவுதான் முதலில். அப்புறம் நாலு கதவு ஹெரால்ட் வந்தது, அது இந்தியாவுக்குன்னே செஞ்சது, இங்கிலாந்தில் கிடையாது. பார்க்க மத்த ரெண்டையும் விட அழகு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின் சக்கரங்களுக்கு ஸ்விங் ஆக்சில்னு ஒரு அமைப்பு, நம்ம ரோட்டுக்கும் நம்ம பாரத்துக்கும் ஒத்துவராதது. 1972-ல் வந்த கெஸல் காரில் அதை எடுத்துட்டு சாதாரண முழு ஆக்சில் போட்டாங்க. 1977-ல் கெஸலும் நின்னது. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் வேன்தான் ஓட்டம்.

சேலையூரில் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இருக்கார், எண்பது தாண்டினவர். எழுபதுகளில் ஹெரால்ட் வெச்சிருந்தவர். மைக்கை நீட்டி ஆசையாக் கேட்டேன்: "ஐயா, மூணு கார்ல ஏன் ஹெரால்டைத் தேர்ந்தெடுத்தீங்க?"

அவர் சிரிச்சுட்டார். "எங்கப்பா தேர்ந்தெடுக்கறது? ஃபியட்டுக்குப் பேர் குடுத்திருந்தேன். வருஷக்கணக்கா வரலை. இது கிடைச்சுது, எடுத்துக்கிட்டேன்."

அந்த ஒரு பதிலுக்கு அப்புறம் நான் எழுதி வெச்சிருந்த ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டேன்.

ஏன்னா அந்தக் காலத்து எண்களைப் பார்த்துட்டு அம்பாசிடர் முதலிடம், ஃபியட் இரண்டாமிடம், மக்கள் இதை விரும்பினாங்க, அதை விரும்பலைன்னு நாம எழுதுவோம். ஆனா எத்தனை கார் செய்யணும்னு லைசென்ஸ் சொல்லுச்சு. என்ன விலைக்கு விக்கணும்னு அரசாங்கம் சொல்லுச்சு. அந்த விலைக் கட்டுப்பாட்டை எதிர்த்து கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. யாருக்கு எப்போ கொடுக்கணும்னு 1959-ல் வந்த ஒரு விநியோக உத்தரவு சொல்லுச்சு. ராஜாஜி பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்னு பேர் வெச்சாரே, அதேதான். எண்பதுகளின் தொடக்கத்தில் நாடு மொத்தத்துக்கும் வருஷத்துக்கு 40 ஆயிரத்தை ஒட்டிதான் கார் வித்தது. அந்த 40 ஆயிரம் காட்டுறது மக்கள் ஆசையை இல்லை, தொழிற்சாலை வாசலோட அகலத்தை.

ஸ்டாண்டர்ட் கம்பெனியோட முடிவுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன். இது என் கருத்து. மாத்துக் கருத்து இருந்தா எழுதுங்க.

1985-ல் பெருங்களத்தூரில் இருந்து ஒரு புது கார் வந்தது. ஸ்டாண்டர்ட் 2000. உடம்பு பிரிட்டிஷ் ரோவர் எஸ்டி1. சாதாரணக் கார் இல்லை, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார்னு விருது வாங்கினது. அங்கே அதில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் எல்லாம் வெச்சாங்க. இங்கே? வான்கார்ட் வம்சத்து 1991 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின், கொஞ்சம் மேம்படுத்தினது. அதாவது 1940-களில் வேர் இருக்கிற இன்ஜின். எங்க பாஷையில் சொன்னா, பளபளன்னு புது ஃப்ரண்ட்எண்ட், பின்னாடி யாரும் தொடப் பயப்படற பழைய கோட்பேஸ். நம்ம ரோட்டுக்காக சஸ்பென்ஷனை உயர்த்தினாங்க. ஆமா, 1985-லேயே பெருங்களத்தூரில் காரை உயர்த்தியிருக்காங்க.

பெட்ரோல் குடிச்சது. விலை அதிகம். 1988-ல் உற்பத்தி நின்னுபோச்சு.

அதே சமயம் வடக்கே குர்கானில் நடந்தது தெரிஞ்சதுதான். 1982-ல் மாருதி - சுசூகி ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14, முதல் மாருதி 800 சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, விலை சுமார் 50 ஆயிரம் ரூபாய். கார் கண்ணில் படறதுக்கு முன்னாடியே 10 ஆயிரம் ரூபாய் கட்டி லட்சத்துக்கு மேல ஆட்கள் பதிவு பண்ணினாங்க. 2014-ல் நிறுத்தறதுக்குள்ள இந்தியாவில் மட்டும் 26 லட்சத்துக்கு மேல வித்தது.

நியாயமாச் சொல்லணும்னா இது சமமான பந்தயம் இல்லை. மாருதி அரசாங்கக் கம்பெனி, சுசூகிக்கு முதலில் 26 சதவீதப் பங்குதான். அரசு கைபிடிச்சு நடக்க வெச்ச குழந்தை. ஆனாலும் ஸ்டாண்டர்ட் எங்க தப்புக் கணக்குப் போட்டுச்சுன்னு பார்த்தா, முப்பது வருஷமா வரிசையில் நின்ன ஜனத்தைப் பார்த்து, "இவங்க எதைக் கொடுத்தாலும் வாங்குவாங்க, அதனால பெருசா, கௌரவமா ஒண்ணு கொடுப்போம்"னு நினைச்ச மாதிரி இருக்கு. வரிசையில் நிக்கிறவன் ரசிகன் இல்லை. வேற கடை திறக்கலைன்னுதான் நிக்கிறான். திறந்த அன்னைக்குத்தான் அவனுக்கு என்ன வேணும்னு தெரியும். சின்னதா, ஓடறதா, மெக்கானிக் வீட்டு வாசல்ல கிடக்காததா ஒண்ணுதான் வேணும்னு தெரிஞ்சது.

ஒரு சின்ன துணுக்கு சொல்லிட்டுப் போறேன். 2006-ல் அந்தக் கம்பெனி ஏலத்துக்கு வந்தப்போ, பெருங்களத்தூரில் தூங்கிட்டு இருந்த எஸ்டி1 உதிரிபாகங்கள் பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் கைக்குப் போச்சு. பழைய ரோவர் காரைக் காதலிக்கிற வெள்ளைக்காரங்களுக்கு ஸ்பேர் விக்கிற கம்பெனி. நாம வேண்டாம்னு சொன்ன கார், தன் ஊருக்கே மருந்தாப் போய்ச் சேர்ந்தது.

அதே 2006-ல்தான், இன்னைக்கு எங்க தெருவில் நிக்கிற வண்டிகளுக்கு விதை விழுந்தது. பிப்ரவரி பட்ஜெட். நிதியமைச்சர் ப. சிதம்பரம். சின்ன காருக்கு எக்சைஸ் வரி 24-ல் இருந்து 16 சதவீதமாச்சு. சின்ன கார்னா என்ன? 4 மீட்டருக்கு மேல போகக் கூடாது. பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசிக்குள்ள இன்ஜின். நோக்கம், இந்தியாவைச் சின்ன கார்களோட தயாரிப்பு மையமா ஆக்கறது.

ஒரு இன்ஜினியரிடம் 4 மீட்டர்னு ரூல் கொடுத்தா அவன் என்ன செய்வான்? 3,995 மில்லிமீட்டர் செய்வான். 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ், டிக்கியை வெட்டின செடான். 2012-ல் டிசையரை வெட்டி 3,995-க்குள்ள அடக்கினாங்க. நீளத்தில் வளர முடியலை. அகலத்துக்கு நம்ம தெரு விடாது. மிச்சம் ஒரே திசை, மேல. உயரத்துக்கு வரி இல்லை.

2013-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் இருந்து ஈகோஸ்போர்ட் வந்தது. 3,999 மில்லிமீட்டர். வரிக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம்! கிரவுண்ட் கிளியரன்ஸ் 200. இதுக்கு முன்னாடியும் ஒண்ணு ரெண்டு பேர் இப்படி முயற்சி பண்ணியிருக்காங்க. ஜனங்க திரும்பிப் பார்த்தது இதைத்தான். அப்புறம் 2016-ல் மாருதி பிரெஸ்ஸா, 2017-ல் நெக்ஸான், 2019-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் வென்யூ. அந்தக் கதவைத் திறந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சது, 2022 ஜூலையில் மறைமலை நகரில் இருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. ஜிஎஸ்டி ரோட்டுக்கு இது ரெண்டாவது தடவை.

2025 செப்டம்பர் 22-ல் வரி ஜிஎஸ்டி மாறினப்பவும் பாருங்க, 18 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் நடுவில் நிக்கிற கோடு அதே 4 மீட்டர், அதே 1200, 1500. ஒரு பட்ஜெட் வரி கிட்டத்தட்ட இருபது வருஷமா நாட்டோட கார்களுக்கு உருவம் கொடுத்துட்டு இருக்கு. சேலையூர் ஐயா காலத்தில் லைசென்ஸ். நம்ம காலத்தில் டேப் அளவு.

அப்போ ஆசைன்னு ஒண்ணு இல்லவே இல்லையா? இருக்கு, அதையும் சொல்லணும். 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தப்ப அதோட கூரையைப் பார்த்துச் சிரிச்சவங்க உண்டு. ஆனா அதில் ஏற குனிய வேண்டாம், இறங்க யாரும் கையைப் பிடிச்சு இழுக்க வேண்டாம். போன மாசம் அப்பாவைக் கூட்டிட்டு ரெண்டு ஷோரூம் போனேன். தாழ்வான காரில் உட்கார்ந்து எழுந்திரிக்கறதுக்குள்ள முட்டியைப் பிடிச்சார். உயரமான சீட்டில் நாற்காலியில் உட்கார்ற மாதிரி உட்கார்ந்தார். இதுக்கு வரியும் காரணம் இல்லை, விளம்பரமும் இல்லை. எஸ்யூவி வேணும்னு சொல்ற நிறைய பேர் கேக்கிறது சீட் உயரம்தான்.

ஆனா வெள்ளம்? அந்தக் கணக்கையும் போட்டேன். வேகன் ஆர் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மில்லிமீட்டர், பஞ்ச் 187. வித்தியாசம் 22 மில்லிமீட்டர், ஒரு இன்ச்கூட இல்லை. 2015-ல் எங்க தெருவில் தண்ணி இடுப்பளவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலப்போ முட்டிக்கு மேல. சதுப்பு நிலம் வாங்கிக்க வேண்டிய தண்ணி அது. சதுப்பு நிலத்தைச் சுருக்கி வீடு கட்டினோம், அது வீட்டு வாசலுக்கு வருது. அதுக்கு ஒரு இன்ச் உயரமான கார் விடை ஆகாது. இது எங்க பக்கத்து ஆட்களுக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் எஸ்யூவி, ஹேட்ச்பேக்னு பேதம் பார்க்காம எல்லாரும் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையா நிறுத்தினாங்க. அந்த போட்டோ நாடு முழுக்க ஓடுச்சு, பார்த்திருப்பீங்க.

ஷோரூமில் விற்பனைப் பையன் சன்ரூஃப், டச் ஸ்கிரீன் எல்லாம் காட்டி முடிச்சதும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன்கிட்ட இல்லை, என்கிட்ட. "மழை வந்தா எங்கடா நிறுத்துவ?"

கார் இன்னும் புக் பண்ணலை. பாலத்துக்குப் போறதுக்கு எங்க வீட்டில் இருந்து எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு ராத்திரி பைக்கில் போய்ப் பார்த்துட்டு வந்தேன். பதினாறு நிமிஷம், மழை இல்லாதப்போ.

உங்க வீட்டில் யாராவது ஹெரால்டோ, கெஸலோ, ஸ்டாண்டர்ட் 2000-ஓ வெச்சிருந்தா அந்த போட்டோ, ஆர்சி புக், எதுவா இருந்தாலும் அனுப்புங்க. பேர் குடுத்து எத்தனை வருஷம் காத்திருந்தாங்கன்னும் கேட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சேலையூர் ஐயாவே வர்றதாச் சொல்லியிருக்கார்.